சயாம் மரண ரயில் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான்காலத்தில் சயாமுக்குப் போனவர்களைப் பற்றி மலேசியத் தோட்டப்புறக் குடும்பங்களில் பேசப்படும் நினைவுகளைச் சில ஆண்டுகளாகக் கேட்டுக் குறித்து வருகிறேன். கூட்டங்களிலும் வீடுகளிலும் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களைக் கேட்டதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதிப் பதில்களையும் தொகுத்திருக்கிறேன். முன்னே சொன்னதைப் பின்னே மறுபடி சொல்லாமல், எந்தக் கேள்வியில் பார்க்க வேண்டும் என்று மட்டும் குறித்திருக்கிறேன்.

1. சயாம் மரண ரயில் என்கிறார்களே, அது ரயிலா, பாதையா? எங்கே இருக்கிறது?

அது ஒரு ரயில் பாதை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தின் நொங் பிளாடுக் என்ற ஊரிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் என்ற ஊர் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அதை அமைத்தது. தாய்லாந்துப் பகுதி ஏறத்தாழ 304 கிலோமீட்டர், பர்மாப் பகுதி 111 கிலோமீட்டர். தாய்லாந்தின் பழைய பெயர் சயாம். 1939-லேயே நாட்டின் பெயர் மாறிவிட்டது என்றாலும், மலாயாத் தமிழர்களின் பேச்சில் சயாம் என்ற பெயரே நிலைத்தது.

1942-ன் பிற்பகுதியில் இரு முனைகளிலிருந்தும் வேலை தொடங்கியது. தாய்லாந்துப் பக்கம் ஒன்பதாம் ரயில்வே படைப்பிரிவும் பர்மாப் பக்கம் ஐந்தாம் ரயில்வே படைப்பிரிவும் பொறுப்பேற்றன. 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தா என்ற இடத்துக்கு அருகில் இரண்டு தண்டவாளங்களும் சந்தித்தன. திறப்பு விழா அக்டோபர் 25 அன்று நடந்தது. விழாவில் ஓடிய சி56 வகை நீராவி இயந்திரங்களில் ஒன்று இன்று தோக்கியோவில் யசுகுனி ஆலய வளாக அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

2. இப்போதும் அதில் ரயில் ஓடுகிறதா?

ஒரு பகுதியில் மட்டும் ஓடுகிறது. நொங் பிளாடுக்கிலிருந்து நாம் தோக் வரையிலான சுமார் 130 கிலோமீட்டர், தாய்லாந்து அரசு ரயில்வேயின் ஒரு கிளைப்பாதையாக இருக்கிறது. பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து நாள்தோறும் இரண்டு சாதாரண ரயில்கள் போய்வருகின்றன. வார இறுதியில் சுற்றுலா ரயில் ஒன்றும் உண்டு. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கேள்வி 14-ல் சொல்லியிருக்கிறேன்.

3. ஜப்பான்காரனுக்கு அந்தக் காட்டுக்குள்ளே ரயில் எதற்கு?

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் மார்ச் 8-ல் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போயின. பர்மாவில் நின்ற படைக்கு உணவும் வெடிமருந்தும் ஆட்களும் அனுப்ப அப்போது அவர்களுக்கு இருந்த பெருவழி கடல்வழிதான். கப்பல்கள் மலாயா தீபகற்பத்தைச் சுற்றி, மலாக்கா நீரிணை வழியாக அந்தமான் கடலுக்குள் ஏறி ரங்கூனை அடைய வேண்டும். நேச நாட்டு நீர்மூழ்கிகளும் விமானங்களும் அந்த வழியை நாளுக்கு நாள் ஆபத்தாக்கிக்கொண்டிருந்தன. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தபின் ஜப்பானியக் கடற்படையின் பலம் குன்றியது. எனவே நிலவழி ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது.

வரைபடத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் இயல்பானதாகத் தோன்றும். மலாயா, தாய்லாந்து, பர்மா ஆகிய மூன்று நாடுகளிலும் தண்டவாளங்களின் இடைவெளி ஒரே மீட்டர் அளவுதான். சிங்கப்பூரிலிருந்து பாங்காக் பக்கம் வரை ரயில் இருந்தது. பர்மாவில் மௌல்மீனிலிருந்து தெற்கே யே வரையும் ரயில் இருந்தது. நடுவில் இல்லாத துண்டை இணைத்தால் போதும். ஆனால் அந்தத் துண்டுதான் மலையும் மூங்கில் காடும் மலேரியாவும் நிறைந்த எல்லைப்பகுதி. ஆங்கிலேயர் முன்பே இந்த வழியை ஆராய்ந்துவிட்டு, தேவைப்படும் உழைப்பையும் செலவையும் எண்ணிக் கைவிட்டிருந்தனர்.

4. கட்டியது வெள்ளைக்காரப் போர்க்கைதிகள்தானே? தமிழர்கள் எப்படி இதில் வந்தார்கள்?

போர்க்கைதிகளும் கட்டினார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களும் சிறு எண்ணிக்கையில் அமெரிக்க வீரர்களுமாக 60,000-க்கும் மேற்பட்ட கைதிகள் அங்கே வேலை செய்தனர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம் ஆசியத் தொழிலாளர்களுடையது. பர்மியர், மலாயாவிலிருந்து போன தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர், தாய்லாந்து மக்கள் எனச் சேர்ந்து அவர்கள் 1,80,000-க்கும் 2,50,000-க்கும் இடைப்பட்டவர்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பெரிதும் எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. ஜப்பானியர் இவர்களை ரோமுஷா என்று அழைத்தனர். மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள்.

இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் நான் பொறுமையாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பவர்மேல் குற்றமில்லை. இந்தப் பாதையைப் பற்றி உலகம் படித்தவையும் பார்த்தவையும் பெரும்பாலும் கைதிகளாக இருந்த வீரர்களின் நாட்குறிப்புகளிலிருந்தும் ஓவியங்களிலிருந்தும் வந்தவை. எழுதத் தெரிந்தவர்களும், எழுதியதைக் காப்பாற்றி ஊர் கொண்டுபோக ஓர் அமைப்பு இருந்தவர்களும் அவர்கள்தான்.

5. தோட்டத்திலே பால்வெட்டிக்கொண்டிருந்தவர்களை எப்படிக் கூட்டிக்கொண்டு போனார்கள்?

முதலில் தோட்டத்தின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். மலாயாவின் ரப்பர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விற்கப்பட்டது. ஜப்பானியர் வந்ததும் அந்தச் சந்தை அறுந்தது. வெள்ளைத் துரைமார் ஓடிப்போயினர் அல்லது சிறைப்பட்டனர். பல தோட்டங்களில் வேலையும் சம்பளமும் நின்றன. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி வராமல் போயிற்று. லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) மக்கள் மரவள்ளிக்கிழங்கை நட்டு உயிர் பிழைத்தார்கள். உடுக்கத் துணி கிடைக்காமல் சாக்கை உடுத்தியவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பசியின் நடுவில்தான் ஆளெடுப்பு நடந்தது. 1943-ன் தொடக்கத்தில் வேலையை விரைவாக முடிக்க வேண்டுமென்று தோக்கியோவிலிருந்து நெருக்கடி வந்தது. தாய்லாந்துத் தொழிலாளர்களை நம்பியிருக்கவும் முடியாமல் போயிற்று: 1942 டிசம்பரில் பான் போங் என்ற ஊரில், கைதிகளுக்குச் சிகரெட் கொடுத்த ஒரு புத்த துறவியை ஜப்பானிய வீரர் ஒருவர் அறைந்தார், அதிலிருந்து மூண்ட கலவரத்தில் இரு தரப்பும் மோதிக்கொண்டன. எனவே ஜப்பானியரின் பார்வை மலாயாத் தோட்டங்கள் பக்கம் பெரிய அளவில் திரும்பியது. நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், உணவும் மருந்தும் இலவசம், மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம் என்று அறிவித்தார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது, தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு வைத்துக் கிராணியிடமும் (தோட்டத்து எழுத்தர்) கங்காணியிடமும் ஆள் கேட்டார்கள். காலைப் பெரட்டில் (ஆள் எண்ணும் அணிவகுப்பில்) நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றியதாகவும், இலவசப் படம் காட்டுவதாக அழைத்துக் கொட்டகையின் கதவை அடைத்ததாகவும் சாட்சியங்கள் உண்டு.

அங்கிருந்து சரக்குப் பெட்டிகளில் பல நாள் பயணம். இரும்புப் பெட்டி பகலில் காய்ந்தது, இரவில் குளிர்ந்தது. உட்காரவே இடமில்லாத அளவுக்கு ஆட்கள். பான் போங்கில் இறக்கப்பட்டபின், மேல் முகாம்களுக்குப் போக வேண்டியவர்கள் காட்டுப் பாதையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். கணவனைத் தனியே விடமாட்டேன் என்று மனைவியும் பிள்ளைகளுமாகப் புறப்பட்ட குடும்பங்களும் அந்த நடையில் இருந்தன.

6. விருப்பப்பட்டுப் போனவர்களும் உண்டு என்கிறார்களே, அப்படியானால் அவர்களை அடிமைகள் என்று சொல்லலாமா?

கையெழுத்திட்டுப் போனவர்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் அரிசி இல்லாதபோது ஒரு வெள்ளிச் சம்பளத்தை நம்பிப் போனதை விருப்பம் என்று சொல்வதா என்பதைக் கேட்பவர் எண்ணிப் பார்க்கலாம். சொன்ன மூன்று மாதம் முடிந்தும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஓடிப் பிடிபட்டவரை அடித்தார்கள். போகும்போது எப்படிப் போயிருந்தாலும், அங்கே போனபின் எவருக்கும் திரும்பும் உரிமை இருக்கவில்லை. என் கருத்தில் கட்டாய உழைப்பு என்ற சொல் இரு வகையினருக்கும் பொருந்தும்.

பர்மியரின் நிலையும் இதுவே. அங்கே ‘வியர்வைப் படை’ என்ற பெயரில் நாட்டுப்பற்றை முன்னிறுத்தி ஆள் சேர்த்தார்கள். பெயர் எதுவானாலும் கிராமங்களுக்குத் தலைக்கணக்குத்தான் விதிக்கப்பட்டது.

7. அங்கே என்ன வேலை? இயந்திரம் ஒன்றும் இல்லையா?

மிகப் பெரும்பகுதி கைவேலைதான். மூங்கிலையும் மரத்தையும் வெட்டுவது, மண்வெட்டியால் வெட்டிய மண்ணைக் கூடையிலும் இரு கம்பில் கட்டிய சாக்கிலும் சுமந்து கரை எழுப்புவது, பாறையை உடைப்பது, ஆற்றுக்குள் மரத்தூண் இறக்குவது, சிலிப்பர் கட்டை அடுக்கித் தண்டவாளம் பூட்டுவது என்பவை முக்கிய வேலைகள். பாதை முழுவதும் 600-க்கும் மேற்பட்ட பாலங்கள். பெரும்பாலானவை அருகில் வெட்டிய மரத்தால் ஆனவை.

பாறைவேலையைப் பார்க்க வேண்டுமானால் கொன்யு வெட்டுப்பாதைக்குப் போக வேண்டும். ‘நரக நெருப்புக் கணவாய்’ என்று கைதிகள் அழைத்த இடம் அதுதான். ஒருவர் எஃகு உளியைப் பாறையில் நிறுத்திப் பிடித்துக்கொள்வார். மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் உளியைச் சற்றே திருப்ப வேண்டும். துளை ஆழமானதும் வெடி வைப்பார்கள். உடைந்த கல்லைக் கையால் அள்ளிக் கொட்டுவார்கள். 1943 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய வேலையை ஆகஸ்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதால், இரவிலும் மூங்கில் பந்தங்களும் விறகுத் தீயும் எரிய வேலை நடந்தது. மேலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நரகம்போல் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. இன்று அங்கே தண்டவாளம் இல்லை. ஆனால் பாறைச் சுவரில் பாதி துளைகள் நேர்க்கோடுகளாக இறங்குவதைக் காணலாம். என் சுட்டுவிரலை ஒரு துளையில் வைத்துப் பார்த்தேன்; விரல் நுழைந்து சற்றே இடம் மிஞ்சுகிற அளவுதான் அதன் அகலம். அப்படிப்பட்ட ஒரு துளைக்கு ஒரு மீட்டர் ஆழம் ஒரு நாள் வேலை என்று தொடக்கத்தில் அளவு வைத்திருந்து, பிறகு அதையும் கூட்டிக்கொண்டே போனார்கள்.

8. இத்தனை பேர் எதனால் செத்தார்கள்? அடித்தே கொன்றார்களா?

அடி இருந்தது, அடியால் இறந்தவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோரைக் கொன்றது நோயும் பட்டினியும் ஓய்வில்லாத வேலையும் சேர்ந்துதான். மலேரியா, சீதபேதி, அரிசி மட்டுமே தின்பதால் வரும் பெரிபெரி, சிறு கீறலும் எலும்பு தெரியும் அளவுக்கு அழுகிப்போகும் வெப்பமண்டலப் புண், இவை எல்லாம் ஒரே உடலில் இருந்தன. 1943 மே மாதம் மழை தொடங்கியதும் காலரா வந்தது. சாலை சேறாகி மேல் முகாம்களுக்கு அரிசி போவது தடைப்பட்டதும் அதே வாரங்களில்தான், ‘ஸ்பீடோ’ (வேகமாக) என்று காவலர் கத்தியதும் அதே மாதங்களில்தான்.

காலராவைத் தடுக்கக் குடிநீரைக் கொதிக்க வைக்க வேண்டும், கழிப்பிடம் தள்ளி இருக்க வேண்டும், பிணத்தை எரிக்க வேண்டும். போர்க்கைதிகளிடம் அவர்களுடைய சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் கட்டுப்பாடும் இருந்ததால் இவற்றை ஓரளவு நிறைவேற்ற முடிந்தது. அப்படியிருந்தும் சிங்கப்பூரிலிருந்து 1943 ஏப்ரலில் அனுப்பப்பட்ட ‘எஃப் படை’யின் 7,000 கைதிகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழர் முகாம்களிலோ மருத்துவரும் இல்லை, பேசித் தீர்க்கத் தலைவரும் இல்லை, காவலனின் மொழியும் தெரியாது. நோய் வந்தவர் கிடக்கும் குடிசையிலேயே மற்றவரும் கிடந்தார்கள். ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். 1943 நடுவில்தான் கைதிகளிலிருந்து மருத்துவப் பணியாளர் குழுக்கள் இரண்டைத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினர். சில நூறு பேர் கொண்ட அந்தக் குழுக்களால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை என்ன செய்திருக்க முடியும்?

9. ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர் என்பது உண்மையா?

மக்கள் வாயில் பரவிய அந்தச் சொல், கணக்காகப் பார்த்தால் மிகை. கிலோமீட்டருக்கு 1,300 கட்டை என்று வைத்துக்கொண்டாலும் 415 கிலோமீட்டருக்கு 5 லட்சத்துக்கு மேல் வரும். இறந்தவர் தொகை, கேள்வி 4-ல் சொன்னபடி கைதிகளையும் தொழிலாளர்களையும் சேர்த்து ஒரு லட்சத்தை ஒட்டியது. அதாவது ஐந்தாறு கட்டைக்கு ஓர் உயிர்.

வேறு விதமாகச் சொன்னால், கிலோமீட்டருக்குச் சுமார் 240 பேர். நான்கு மீட்டர் பாதைக்கு ஒருவர். மிகைப்படுத்தாத கணக்கே இவ்வளவு இருக்கும்போது மிகையான கணக்கு எதற்கு என்றுதான் நான் சொல்வது வழக்கம்.

10. தமிழர்கள் மட்டும் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்கிறார்களே.

போருக்குப் பின் தொகுக்கப்பட்ட அலுவல் கணக்கின்படி மலாயாவிலிருந்து சுமார் 78,000 தொழிலாளர்கள் அனுப்பப்பட்டார்கள். 30,000-க்குச் சற்றே குறைவானவர்கள் இறந்தார்கள். 20,000-க்கும் மேற்பட்டவர்கள் தப்பியோடியவர்களாகக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். இது எல்லா இன மலாயாத் தொழிலாளர்களையும் சேர்த்த கணக்கு. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் தமிழர் இறந்தனர் என்று சில இடங்களில் எழுதப்படுவது மொத்தச் சாவையும் தமிழர் சாவையும் குழப்பிக்கொண்டதால் வந்த தொகையாகவே எனக்குப் படுகிறது.

அதே சமயம் அலுவல் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. ‘தப்பியோடியவர்’ என்று எழுதப்பட்டவர்களில் பலர் காட்டிலேயே இறந்திருக்க வேண்டும். கூட வந்த பெண்களும் பிள்ளைகளும் கூலிக் கணக்கில் ஏறியிருக்க மாட்டார்கள். போனவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்துப் பார்க்க, திரும்பியவர்களுக்கும் ஒழுங்கான பட்டியல் இல்லை. அதனால் நான் எழுதும்போது ‘பல பத்தாயிரம்’ என்று நிறுத்திக்கொள்கிறேன்.

11. அவ்வளவு தண்டவாளம் எங்கிருந்து வந்தது?

வேறு பாதைகளைப் பிடுங்கிக் கொண்டுவந்தார்கள். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையில் மெந்தகாப்பிலிருந்து கிளந்தான் பக்கமாக நீண்ட ஒரு பகுதியையும், தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதையையும் கழற்றினார்கள். பர்மாவில் இரட்டைப் பாதையாக இருந்த இடங்களில் ஒன்றை எடுத்தார்கள். கிழக்குக்கரைப் பாதை போருக்குப் பின் மறுபடி போடப்பட்டது. மலாக்கா நகரத்துக்கு ரயில் திரும்பவே இல்லை. மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லை என்று கேட்கும் இளைஞர்களுக்கு அதன் பதில் தாய்லாந்தின் காஞ்சனபுரிக் காட்டில் இருப்பது வியப்பாக இருக்கும்.

12. ஆங்கிலப் படத்தில் குண்டு வைத்துத் தகர்ப்பார்களே, அந்தப் பாலம் இதுதானா?

பாலத்தின் புகழ் அந்தப் படத்தால் வந்தது, ஆனால் கதை கற்பனை. 1957-ல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்ற அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலவில். உண்மையான பாலம் காஞ்சனபுரிக்கு அருகில் தா மக்காம் என்ற இடத்தில் இருக்கிறது. முதலில் மரப்பாலம் ஒன்றும், பிறகு 1943-லேயே ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்பு வளைவுகளால் ஆன பாலம் ஒன்றும் அருகருகே அமைக்கப்பட்டன. இரண்டையும் நேச நாட்டு விமானங்கள் 1944 இறுதி முதல் 1945 வரை பலமுறை தாக்கின. இன்று நிற்பது இரும்புப் பாலம்தான். அதில் வளைந்த மேற்பகுதியுள்ள கண்கள் (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) பழையவை. நடுவில் கோணமாக நிற்கும் இரண்டும் போருக்குப் பின் மாற்றப்பட்டவை.

ஆற்றின் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. பாலம் கட்டப்பட்டபோது அந்த ஆறு மே கிளாங். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் எல்லாரும் ‘குவாய்’ ஆற்றைத் தேடியதால், 1960-ல் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். பாதையின் பெரும்பகுதி ஒட்டிச் செல்வது அதன் துணையாறான குவே நோயை.

13. இவ்வளவு உயிரைக் கொடுத்துக் கட்டிய பாதை போருக்குப் பயன்பட்டதா? நேதாஜியின் படையும் இதில்தான் போனதா?

நாள் ஒன்றுக்கு 3,000 டன் கொண்டுபோகும் பாதையாகத் திட்டமிட்டார்கள். கட்டும்போதே அதை 1,000 டன்னாகக் குறைத்தார்கள். திறந்த சில மாதங்களுக்கு வீரர்களும் சரக்கும் பர்மாவுக்குப் போயின. 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்புக்கான ஆட்களிலும் பொருளிலும் ஒரு பங்கு இந்த வழியாக வந்தது. ஆனால் மழைக்காலத்தில் கரைகள் சரிந்தன. மரப்பாலங்கள் குண்டுவீச்சில் விழுந்தன. அவற்றைத் திருத்த அதே கைதிகளையும் தொழிலாளர்களையும் போர் முடியும்வரை வைத்துக்கொண்டார்கள். இம்பாலில் தோற்றபின், பர்மாவிலிருந்து பின்வாங்கிய படைகளும் நோயாளிகளும் திரும்பிய வழியாகவும் இது இருந்தது.

இந்திய தேசிய ராணுவத்தின் பிரிவுகளும் இந்தப் பாதையில் பர்மாவுக்குப் போயின. தண்டவாளங்கள் இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தது அக்டோபர் 21. நான்கே நாள் இடைவெளி. தோட்டத்து இளைஞர்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்றோடு, சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப் போகமாட்டார்கள் என்ற காரணமும் இருந்தது. ஒரே வீட்டில் தம்பி படையிலும் அண்ணன் பாதையிலும் இருந்திருக்கிறார்கள். இரண்டு நினைவுகளையும் அந்தக் குடும்பங்கள் ஒன்றாகவே சுமந்தன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது சரியாகாது.

14. போருக்குப் பிறகு முழுப் பாதையையும் ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

அவசரத்தில் பச்சை மரத்தால் கட்டியது நீண்ட நாள் நிற்காது. எல்லையைக் கடந்து இந்த வழியாகப் போக வேண்டிய வாணிகமும் அப்போது இல்லை. பிரிட்டிஷார் எல்லையை ஒட்டிய பகுதியில் சில கிலோமீட்டர் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, தாய்லாந்துப் பகுதியை 12,50,000 பவுனுக்குத் தாய்லாந்து அரசுக்கு விற்றனர். தாய்லாந்து ரயில்வே பயன்படக்கூடிய பகுதியை மட்டும் வலுப்படுத்தி, 1949-ல் காஞ்சனபுரி வரையும் 1952-ல் வாங் போ வரையும் 1958-ல் நாம் தோக் வரையும் ரயில் விட்டது. மீதியைக் கழற்றிவிட்டது.

நாம் தோக்குக்கு அப்பால் உள்ள தடத்தைக் காடு மூடிவிட்டது. 1980-களில் குவே நோய் ஆற்றில் காவ் லேம் அணை எழும்பியபோது, பல முகாம்கள் இருந்த பள்ளத்தாக்கின் ஒரு பகுதி நீருக்குள் போயிற்று. தமிழர்கள் பெருமளவில் இருந்த மேல் முகாம்களின் தடயங்களும் அதில் அடங்கும்.

15. யாருக்காவது தண்டனை கிடைத்ததா? இழப்பீடு?

போர்க்குற்ற விசாரணைகளில் இந்தப் பாதை தொடர்பாக நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியரும் கொரியக் காவலர்களும் தண்டிக்கப்பட்டனர். 32 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்குகளில் பெரும்பான்மை, போர்க்கைதிகளுக்கு இழைத்த கொடுமை பற்றியவை.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, 1967-ல் மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த ஒப்பந்தப்படி 2.5 கோடி வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்கள் மலேசிய அரசுக்குக் கிடைத்தன. அது ஆக்கிரமிப்புக்காலம் முழுவதற்குமான தீர்வு. சயாமிலிருந்து திரும்பிய தொழிலாளிக்கோ, திரும்பாதவரின் மனைவிக்கோ அதிலிருந்து ஒரு காசும் தனியே போகவில்லை.

16. காஞ்சனபுரிக் கல்லறையைச் சுற்றி வந்தோம். ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லையே, ஏன்?

நீங்கள் பார்த்தது போரில் இறந்த வீரர்களுக்கான கல்லறைத் தோட்டம். அங்கே சுமார் 7,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்; சுங்காய், தன்பியூசயாட் ஆகிய இடங்களிலும் இத்தகைய கல்லறைகள் உண்டு. போர் முடிந்ததும் ஒரு குழு பாதை நெடுக நடந்து கைதிகளின் புதைகுழிகளைத் தேடியது. எங்கே யாரைப் புதைத்தோம் என்று கைதிகள் ரகசியமாக எழுதி ஒளித்து வைத்திருந்த குறிப்புகள் அதற்கு உதவின. தொழிலாளர்களுக்கு அப்படி எழுதுவாரும் இல்லை, தேடுவாரும் இல்லை. 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே இடத்தில் கிடைத்தன.

ஊரில் 1977-ல் தொடங்கிய ‘ஜீத்’ என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பெயர் ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. மிகுதியாக இறந்த பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அந்தப் பெயரில் எழுத்து இல்லை. எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. ஆனால் 2023-ல் காஞ்சனபுரியில் தமிழர்களின் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. அடுத்த முறை போகும்போது அதைக் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

17. அந்த ரயிலில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

பாலத்தோடு இறங்கிவிடாதீர்கள். பாலத்தைத் தாண்டி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் தாம் கிராசே நிலையத்துக்கு முன்பாக வாங் போ என்ற இடம் வரும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் குவே நோய் ஆறு. நடுவில் சுமார் 400 மீட்டருக்கு மரத்தூண்களின்மேல் பாதை வளைந்து போகிறது. ரயில் அங்கே நடைவேகத்துக்கு இறங்கும். சக்கரத்தின் கீழ் மரம் முனகுவது கேட்கும். பாறை கை எட்டும் தொலைவில் நகரும். தூண்கள் பின்னாளில் மாற்றப்பட்டு, கீழே கான்கிரீட் இடப்பட்டிருக்கிறது; தடம் மட்டும் அதே தடம். கொன்யு வெட்டுப்பாதைக்கு நாம் தோக்கிலிருந்து சாலை வழியாகப் போக வேண்டும். அங்கே ஆஸ்திரேலிய அரசு அமைத்த விளக்க மையம் 1998 முதல் இருக்கிறது.

18. எங்கள் பாட்டி சொல்லும் கதையில் தாத்தா ‘சும்போனில்’ வேலை செய்தார். அந்த ஊர் இந்தப் பாதையிலேயே இல்லையே. பாட்டி தவறாகச் சொல்கிறாரா?

பாட்டி சரியாகவே சொல்கிறார். ஜப்பானியர் 1943-ல் தெற்குத் தாய்லாந்தில் இன்னொரு பாதையையும் போட்டார்கள். சும்போனிலிருந்து கிரா நிலச்சந்தியைக் குறுக்கே கடந்து அந்தமான் கடல் பக்கம் போன, சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. 1943 இறுதியில் முடிந்தது. குண்டுவீச்சாலும் பின்னர் தண்டவாளம் கழற்றப்பட்டதாலும் 1945-லேயே மறைந்துபோயிற்று. அங்கும் மலாயாத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். இரண்டு பாதைகளுக்கும் போனவர்களை வீட்டில் ‘சயாமுக்குப் போனவர்’ என்றே சொன்னதால் குழப்பம் வருகிறது.

19. எங்கள் தாத்தாவும் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. அவர் பெயரை எங்கே தேடுவது?

பெயர்வாரியான முழுப் பட்டியல் தொழிலாளர்களுக்கு இல்லை என்பதைக் கேள்வி 10, 16 ஆகியவற்றின் பதில்களிலிருந்து உணர்ந்திருப்பீர்கள். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்தின் பதிவேட்டில் தேடுவதிலும் பயனில்லை, அது வீரர்களுக்கானது. அதனால் பெயரை விட்டுவிட்டுத் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த மாதத்தை ஒட்டிப் போனார், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏற்றினார்கள், அதே லயத்திலிருந்து கூடப் போனவர் யார், அவர்களில் திரும்பியவர் யார் என்று வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போருக்குப் பின்வந்த நிர்வாகத்தின் தொழிலாளர் துறைக் கோப்புகள் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. வாய்மொழிப் பதிவுகள் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. இரண்டிலும் தோட்டத்தின் பெயரையும் மாவட்டத்தையும் கொண்டு தேடுவதே வழி.

மூத்தவரிடம் கேட்கும்போது தாத்தாவின் பெயரைப் பெரட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்றாகவும், கிராணி தன் புத்தகத்தில் எழுதிய பெயர் வேறாகவும் இருந்தது பல குடும்பங்களில் உண்டு. காகிதத்தில் இருந்தால், அந்த இரண்டாவது பெயர்தான் இருக்கும்.